சோதனை ஒலி – 14

"அம்மா, இந்த டேப்புக்குள்ள ஒரு ஆளு இருக்கான்."

ஹெர்மான் பின்யேரோஸ் ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார். நூபியா எஸ்கோர்சியாவின் கையிலிருந்த காபிக் கோப்பை தட்டில் ஒருமுறை 'டக்' என்றது. அவ்வளவுதான். இருபத்தோரு வருடமாக இந்த வார்த்தைக்காகப் பயந்துகொண்டிருந்தவள் போட்ட சத்தம் அது மட்டும்தான்.

"ஆளு இல்லாம இருக்க இதென்ன காய்கறிக் கடையா டாக்டர்? பாட்டுக் கம்பெனி."

டை கட்டியவரையெல்லாம் 'டாக்டர்' என்று கூப்பிடுவது இந்தக் கடலோரப் பர்ராங்கியாவில் பாதி மரியாதை, பாதி நக்கல். ஹெர்மான் தலைநகர் பொகொதாவிலிருந்து வந்தவர். குளிரூர்க்காரர். கொதிக்கிற ஜனவரியிலும் டைக்கு மேல் ஒரு கம்பளி மேல்சட்டை. வந்த மூன்று வாரத்தில் அதை ஒருநாள்கூடக் கழற்றவில்லை. கம்பெனி வாட்ச்மேன் அவருக்கு 'வெந்த உருளைக்கிழங்கு' என்று பெயர் வைத்திருந்தான்.

"கிண்டல் வேணாம். இது என்ன டேப்? தம்போரா ரம் விளம்பரம். ரெண்டு டிரம்பெட், ஒரு பொம்பளைக் குரல். 'தாகம் போகும், தாளம் வரும்.' சரியா? ஆனா டிரம்பெட்காரங்க மூச்சு இழுக்கற இடத்துல அடியில ஒருத்தன் பாடறான். கிணத்துக்குள்ள நின்னு பாடற மாதிரி."

"பழைய டேப். ஒரு சுத்துல இருக்கறது அடுத்த சுத்துல லேசா ஒட்டிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அப்படி ஒட்டினா இதே விளம்பரம்தானே ஒட்டணும்? இது வேற ஆளு. வேற பாட்டு."

நூபியா தரையைப் பார்த்தாள். ஒலிப்பதிவுக் கூடத்தின் தரையில் ஹெர்மான் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டிருந்தார். 'மயாமி' என்று ஒன்று. 'சந்தேகம்' என்று ஒன்று. 'அழிக்க' என்று ஒன்று.

கம்பெனியை மயாமியில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனம் விழுங்கிவிட்டது. டேப்புகளைக் கேட்டுப் பிரிக்க அவர்கள் அனுப்பிய ஆள்தான் ஹெர்மான். பாட்டு எல்லாம் மயாமிக்குப் போகும். விளம்பரம், வானொலி அறிவிப்பு, மேயரின் கார்னிவல் திருவிழா வாழ்த்து, இதெல்லாம் அவர்களுக்கு வேண்டாம். அதற்காக முற்றத்தில் ஒரு காந்த மெஷின் வந்து இறங்கியிருந்தது. சலவை மெஷின் அளவு. அதற்குள் டேப்பை வைத்து எடுத்தால் பிறந்த குழந்தை மாதிரி ஆகிவிடும். எந்த ஞாபகமும் இருக்காது.

இன்று வெள்ளிக்கிழமை. மெஷின்காரன் நாலு மணிக்கு வருவான்.

"விளம்பரம்தானே டாக்டர். மூணாவது கட்டத்துல போடுங்க."

ஹெர்மான் தோளைக் குலுக்கிவிட்டுப் போட்டார்.

மணி பத்தரை. இன்னும் ஐந்தரை மணி நேரம் நூபியா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் செய்ததற்கு உலகத்தில் சாட்சியே இருக்காது. கம்பெனியின் பேர்போன பாடகன் அமரான்தோ கஸியானியின் குரலும் இருக்காது.

*

கம்பெனியின் பெயர் டிஸ்கோஸ் மரியாமுலாத்தா. மரியாமுலாத்தா என்பது கடற்கரையில் மீன்குடலுக்காக அலையும் கருப்புப் பறவையின் பெயர். ரெக்கார்டின் நடுவில் அந்தப் பறவைதான் சின்னம். ஊரில் எல்லாரும் சுருக்கமாகப் 'பறவைக் கம்பெனி' என்பார்கள்.

1957-ல் எலியேசர் மனோதாஸ் என்கிற ரேடியோ ரிப்பேர்காரர், மூடிக்கிடந்த ஒரு ஐஸ் ஃபாக்டரியைப் பிடித்தார். சுவர் முழுக்கத் தக்கை. குளிரை உள்ளேயே வைக்கப் போட்ட தக்கை, சத்தத்தையும் உள்ளேயே வைத்தது. பஸ் கண்டக்டர், மீன்காரி, கல்லறை கட்டுகிற கொத்தனார் என்று யாருக்குத் தொண்டை இருந்ததோ அவர்களைக் கூட்டிவந்து பாடவைத்தார். பத்தே வருடம். கருப்புப் பறவை கராகஸ் போனது, பனாமா போனது, மெக்சிகோ போனது.

ஆனால் பர்ராங்கியாவில் ஒரு பாட்டு ஜெயிக்க வேண்டுமென்றால் ரேடியோ போதாது. பிக்கோ வேண்டும்.

பிக்கோ என்றால் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி. முகப்பில் புலியோ எரிமலையோ பளபளக்கும் சாயத்தில். பேட்டைக்குப் பேட்டை ஒன்று இருக்கும். சனிக்கிழமை சத்தத்தில் பக்கத்து வீட்டு ஓடு நகரும். எந்தப் பிக்கோவிடம் வேறு யாரிடமும் இல்லாத பாட்டு இருக்கிறதோ, அங்கேதான் கூட்டம். அதனால் பிக்கோக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். புது ரெக்கார்டு கைக்கு வந்ததும், நடுவில் இருக்கும் காகிதத்தைப் பிளேடால் சுரண்டி எறிந்துவிடுவார்கள். பாடினவன் பெயர், பாட்டின் பெயர், கம்பெனியின் பெயர் எதுவும் இருக்காது. எட்டிப் பார்க்கிற எதிராளிக்கு வெறும் கருப்பு வட்டம்தான் தெரியும்.

ரெபோலோ பேட்டையில் அரிஸ்தார்கோ வில்லாலோபோஸ் வைத்திருந்த பிக்கோவின் பெயர் 'பூகம்பம்'. ஆயிரத்து இருநூறு ரெக்கார்டு. ஒன்றில்கூட லேபிள் கிடையாது. எதில் எது இருக்கிறது என்று அவர் விரலுக்கு மட்டும் தெரியும்.

கம்பெனிக்காரர்களும் இளைத்தவர்கள் இல்லை. கார்னிவலுக்கு வரும் பாட்டை முன்கூட்டித் திருட ஆட்கள் சுற்றுவார்கள். மனோதாஸ் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கார்னிவல் பாட்டை வேறு பெயர் போட்ட பெட்டிக்குள் ஒளித்துவைப்பார். எந்தப் பெட்டி என்று யாருக்கும் சொல்லமாட்டார். ரம் உள்ளே போனால் தானே உளறிவிடுவோம் என்று, கார்னிவல் முடியும்வரை குடிக்கவும் மாட்டார்.

1973. கார்னிவலுக்கு ஆறு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டேப் மெஷினில் உட்காரும் நூபியா, அப்போது இருபத்தேழு வயது, சியெனகாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அன்றைக்குத்தான் மனோதாஸ் தானே மெஷினில் உட்கார்ந்து அமரான்தோ கஸியானியின் புதுப்பாட்டைப் பதிந்தார். முதல் அரை நிமிடம் வேண்டுமென்றே, மெஷினைச் சரிபார்க்கப் போடுகிற 'ஊஊஊ' என்ற சோதனை ஒலி. அதற்குப் பிறகு பாட்டு. பெட்டியில் 'சோதனை ஒலி – 14' என்று எழுதி, மற்ற சோதனை டேப்புகளோடு வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ரம் விளம்பரம் பதிய வேண்டும். துறைமுகத்தில் சரக்கு சிக்கிக்கிடந்தது. புது டேப் ஒன்றுகூட இல்லை. நூபியா சோதனை ஒலி பதினாலை எடுத்தாள். பழக்கம் தவறாமல் போட்டும் கேட்டாள். ஊஊஊ. இருபது விநாடி கேட்டது போதும் என்று நினைத்தாள். அதன் மேல் பதிந்தாள். டேப்பை ரம் கம்பெனி கொடுத்த சிவப்புப் பெட்டியில் போட்டாள். பழைய காலிப் பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்தாள்.

புதன்கிழமை காலை வில்லாலோபோஸ் கம்பெனிக்கு வந்தார். பாட்டின் நடுவே நண்பர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது இங்கே எல்லாப் பாடகருக்கும் வழக்கம். 'அடுத்த பாட்டுல உன் பேரைச் சொல்றேன்' என்று அமரான்தோ அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். சொன்னானா என்று விசாரிக்கத்தான் வந்தார். முதலாளி இல்லை. டேப் அலமாரி இருந்த நடையில் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஆற்றைக் கடக்கும் படகிலிருந்து அமரான்தோ தவறி விழுந்தான். இரண்டு நாள் தேடினார்கள். மக்தலேனா ஆறு அவனைத் திருப்பித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை மனோதாஸ் அழுதுகொண்டே அந்தப் பெட்டியைத் திறந்தார். காலி.

நூபியா பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தாள். அதற்குள் முதலாளி "திருடன்!" என்று அலறினார். யாரோ "வில்லாலோபோஸ்" என்றார்கள். திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, கார்னிவலின் முதல் நாள். முகத்தில் மாவும் சாயமும் பூசிய கூட்டம் ரெபோலோவுக்குப் போயிற்று. செத்தவன் குரலைத் திருடி ரெக்கார்டு போட்டுவைத்திருக்கிறான், எடு வெளியே என்றார்கள். "இல்லய்யா! ஒவ்வொண்ணா போட்டுக் காட்டறேன், கேளுங்க!" என்று அவர் கெஞ்சினார். ஆயிரத்து இருநூறு ரெக்கார்டைக் கேட்க யாருக்குப் பொறுமை? லேபிள் இருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். அவர்தான் அத்தனையையும் சுரண்டிவிட்டாரே. முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தார்கள். 'பூகம்பத்தை' இழுத்துப்போய்க் கால்வாய் ஓரத்தில் எரித்தார்கள். யாரோ அடித்ததில் அவருக்கு இடது காது போயிற்று.

எரிகிற பெட்டிக்குள்ளிருந்து அமரான்தோ பாடினதைக் கேட்டோம் என்று அன்று நாலு பேர் சொன்னார்கள். இப்போது கேட்டால் நானூறு பேர் சொல்வார்கள். ஆறு கூப்பிடுகிறது என்று பாடினானாம். தன் சாவைத் தானே பாடினானாம். அந்தக் காணாமல்போன பாட்டின் பேச்சிலேயே அவனுடைய பழைய ரெக்கார்டுகள் கண்டம் முழுக்க விற்றன. ஐஸ் ஃபாக்டரிக்கு மேல் மூன்று மாடி எழும்பியது. கருப்புப் பறவை அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே உயரப் பறந்தது.

நூபியாவுக்கும் பெயர் வந்தது. ஒரு டேப்பைத் தப்பவிடாதவள், 'பறவையின் காது' என்றார்கள். அந்தச் சிவப்புப் பெட்டியை அவளால் எறியவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. அலமாரி மாற்றி அலமாரி வைத்தாள். யாருமில்லாத கூடத்தில் மெஷினை அணைத்த பிறகு, சில சமயம், சக்கரம் நின்ற பிறகு, ஒருவன் தொண்டையைச் செருமுவான். அவள் விளக்கைக்கூட அணைக்காமல் வெளியே வந்துவிடுவாள்.

மனோதாஸ் 1989-ல் செத்தார். திருட்டுத்தனமாகக் கேசட் போட்டு விற்கிறவர்கள் கம்பெனியைப் பாதி தின்றிருந்தார்கள். பிள்ளைகள் மீதியை விற்றார்கள்.

*

பன்னிரண்டரைக்கு ஹெர்மான் சாப்பிடக் கிளம்பினார். கதவருகில் நின்றார்.

"வாசல்ல வாதாமரத்தடியில ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரே, யாரும்மா அவரு? ஒரு வாரமா பாக்கறேன்."

"பைத்தியம்."

"பைத்தியம் மாதிரி தெரியல. இன்னிக்குக் காலையில என்னை நிறுத்தி ஒண்ணு கேட்டாரு. 'இன்னியோட எல்லாம் முடியுதாமே தம்பி, யாரு பேரும் போடாத டேப் ஏதாவது சிக்குச்சா?'ன்னு. இல்லைன்னேன். 'சரி, நாலு மணி வரைக்கும் உக்காந்திருக்கேன்'னாரு."

அவர் போனார். நூபியா ஜன்னலுக்குப் போகவில்லை. போகாமலே தெரியும். ஒவ்வொரு வருடமும் கார்னிவலுக்கு முந்தின வாரங்களில் வில்லாலோபோஸ் அங்கே வந்து உட்காருவார். எதுவும் கேட்கமாட்டார், சாபம் விடமாட்டார். வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார், அவ்வளவுதான். அந்த நாட்களில் அவள் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போவாள். இருபத்தோரு வருடம்.

கூடத்தில் யாருமில்லை. முற்றத்தில் காந்த மெஷின் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நூபியா மூன்றாவது கட்டத்துக்குள் குனிந்தாள். சிவப்புப் பெட்டியை எடுத்தாள். டேப்பை மாட்டினாள். ஹெட்போனை வைத்துக்கொண்டாள். பட்டனை அழுத்தினாள்.

டிரம்பெட். தாகம் போகும், தாளம் வரும். டிரம்பெட் நின்றது.

அடியில் அவன் இருந்தான்.

மெல்லிசாக, ஈரமாக, ரொம்பத் தூரத்தில். தாளம் துள்ளலாக இருந்தது. வார்த்தை பிடிபடவில்லை. அவள் கண்ணை மூடி, எந்தக் காதுக்காக ஊர் தன்னைப் பறவையின் காது என்றதோ அந்தக் காதால் தேடினாள். அடுத்த இடைவெளியில் ஒரு துண்டு. அதற்கடுத்ததில் இன்னொரு துண்டு. ஒட்டவைத்தாள்.

'பெத்ரோனா, பெத்ரோனா, என் குடையைக் கொடுத்திடு. மழை நின்னு மூணு மாசம், என் குடையைக் கொடுத்திடு.'

குடை!

ஆறு இல்லை. சாவு இல்லை. இரவல் வாங்கிப்போன குடையைத் திருப்பித் தராத ஒரு பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிய பாட்டு.

நூபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. காலியான ஐஸ் ஃபாக்டரிக்குள் தனியாக நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று அவளுக்கே தெரியாது. இதற்காகவா ஒரு மனிதனின் ஆயிரத்து இருநூறு ரெக்கார்டை முழங்காலில் வைத்து உடைத்தார்கள்?

முகத்தைத் துடைத்தாள். முன்வாசலைப் பார்த்து நடந்தாள்.

*

"அண்ணே."

வில்லாலோபோஸ் வலது காதைத் திருப்பினார். எழுபது வயது. சலவை செய்த சட்டை. முழங்காலில் ஒரு தொப்பி.

"என்ன, பின்வாசலை அடைச்சிட்டாங்களா?"

அவருக்குப் பின்வாசல் தெரியும்.

"அந்த டேப்பை நீங்க எடுக்கல."

"அட, அப்படியா? நல்லவேளை ஞாபகப்படுத்தின."

"நான்தான் அழிச்சேன். வேணும்னு இல்ல. சோதனை டேப்னு நெனச்சு அதுமேல விளம்பரம் பதிஞ்சிட்டேன். ஆனா வெள்ளிக்கிழமையே தெரிஞ்சுபோச்சு. உங்களை அடிக்கறதுக்கு முந்தின நாள். தெரிஞ்சும் சொல்லல."

அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தெரியும்."

"எப்படி?"

"அன்னிக்கு ரெபோலோவுக்கு உங்க கம்பெனியே வந்துச்சும்மா. டிரம்பெட்காரன், வாட்ச்மேன், பெட்டி ஒட்டறவ, எல்லாரும். ஆளாளுக்கு ஒரு ரெக்கார்டு உடைச்சாங்க. நீ மட்டும் வரல. சரி, பயந்த பொண்ணுன்னு நெனச்சேன். ஒரு மாசம் கழிச்சு மீன் மார்க்கெட்ல என்னைப் பாத்து 'வணக்கம் அண்ணே'ன்ன. ஊர்ல நாய்கூட எனக்கு வணக்கம் சொல்லாத நேரம் அது. வீட்டுக்குப் போய் யோசிச்சேன். ரொம்ப நேரம் யோசிக்கத் தேவைப்படல."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"திருடன் சொன்னா யாரு நம்புவா? அதான் வருஷா வருஷம் வந்து உக்காந்தேன். நீ பாக்கணும்னு. பாத்தியா?"

"பாத்தேன்."

"தூக்கம் வந்துச்சா?"

"இல்ல."

"எனக்கும்தான்." அவர் எழுந்து ஸ்டூலை மடக்கினார். "அழிச்சது அழிச்சதுதானே. இப்ப எதுக்கு வந்த?"

"முழுசா அழியல அண்ணே. கேக்கறீங்களா?"

அந்தக் கிழட்டு முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்தது. பயம்.

"எம்பேரைச் சொல்றேன்னான்," என்றார் மெதுவாக. "சொன்னானான்னு மட்டும் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

*

ஹெர்மான் திரும்பி வந்தபோது, நூபியா ஸ்க்ரூடிரைவரோடு தன் பழைய மெஷினுக்குள் தலையை விட்டிருந்தாள். பக்கத்தில் பெரியவர். மணி இரண்டே முக்கால்.

"என்ன பண்றீங்க? எல்லாத்தையும் சீல் வெக்கணும்மா!"

நூபியா நிமிராமல் சொன்னாள். மொத்தத்தையும் சொன்னாள், ஒரே மூச்சில். ஹெர்மான் கேட்டு முடித்தார். பிறகு, வந்ததிலிருந்து முதல்முறையாக, கம்பளி மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"முதலாளி பதிஞ்சது டேப்போட முழு அகலத்துலயும். நீங்க பதிஞ்சது ரெண்டு தடம். அப்ப ரெண்டு தடத்துக்கும் நடுவுல..."

"நகத்தோட விளிம்பு அளவு இடம். அதை மெஷினோட எந்த ஹெட்டும் தொடாது. பதியும்போதும் தொடாது, அழிக்கும்போதும் தொடாது. அமரான்தோ அங்கதான் இருக்காரு."

"ஹெட்டைக் கொஞ்சம் எறக்கினா..."

"அதைத்தான் பண்றேன். டார்ச்சைப் பிடிங்க டாக்டர்."

இந்தத் தடவை 'டாக்டர்' என்றதில் நக்கல் இல்லை.

பெரிய ஸ்பீக்கரைப் போட்டாள். வில்லாலோபோஸ் வலது காது அதன் பக்கம் இருக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். சக்கரம் சுற்றியது.

டிரம்பெட். நூபியா திருகாணியை ஒரு மயிரிழை திருப்பினாள். டிரம்பெட் தளர்ந்து தகர டப்பாச் சத்தமாகியது. இன்னொரு மயிரிழை. அக்கார்டியன் ஒன்று இருட்டிலிருந்து வந்தது. பின்னாலேயே அவன்.

'மழை நின்னு மூணு மாசம், என் குடையைக் கொடுத்திடு...'

வில்லாலோபோஸின் வாய் திறந்தது. "குடையா? அடப்பாவி... குடையா?"

"ஆமாண்ணே."

"அந்தப் பெத்ரோனாவை எனக்குத் தெரியும்! என் குடையும் அவகிட்டதான் இருக்கு!"

பாட்டு நடுப்பகுதிக்கு வந்தது. தாளம் தணிந்தது. அக்கார்டியன் மட்டும் கீழே ஓடியது. பெயர் சொல்லும் இடம். அமரான்தோ தொண்டையைச் செருமினான்.

அந்தச் செருமல். மெஷின் நின்ற பிறகு வரும் அதே செருமல்.

அடுத்த நொடி ஸ்பீக்கரிலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல், தெளிவாக, சுறுசுறுப்பாக, அவன் வாயின் மேலேயே கை வைத்தது.

"சத்தம் போடாதீங்க. நாலாவது டேக்."

இருபத்தேழு வயது நூபியா, அன்று விளம்பரம் பதியும்போது டிரம்பெட்காரர்களிடம் சொன்னது.

வில்லாலோபோஸ் ஸ்பீக்கரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி, நாற்பத்தெட்டு வயது நூபியாவின் முழங்கையைத் தொட்டார்.

"அந்தப் பொண்ணைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு."

நூபியா டேப்பைப் பின்னால் ஓட்டினாள். திருகாணியை இன்னும் இறக்கினாள். அதற்கு மேல் இறங்க அதில் மரையே இல்லை. மறுபடி போட்டாள். செருமல். பெண்ணின் குரல் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அவன் இந்தப் பக்கம் வந்திருந்தான்.

"சியெனகா மீன்காரங்களுக்கு வணக்கம்! என் ஆத்தா தொமாசாவுக்கு! அப்புறம் ரெபோலோவுல, பூகம்பத்து முதலாளி, என் மாப்ள அரிஸ்தார்கோ வில்லாலோபோஸ்!" ஒரு சிரிப்பு. "மாப்ள, கேட்டுக்க. இந்த ஒண்ணையாவது சுரண்டாத. எம்பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்!"

அக்கார்டியன் பாய்ந்து வந்து அவனை எடுத்துக்கொண்டு போயிற்று.

வில்லாலோபோஸ் அசையவில்லை. வலது கையின் கட்டை விரல் மட்டும் சுட்டு விரலின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பிளேடு பிடிக்கிற மாதிரி.

சக்கரத்தின் கீழே பழுப்பாக, துருவைப் போல, ஒரு தூள் படிந்திருந்தது. ஹெர்மான் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உதிருதும்மா. இன்னொரு தடவ ஓட்டினா குரலும் இதோட வந்துடும். மயாமியில டேப்பை அடுப்புல லேசா சூடுபண்ணிச் சரிபண்ற ஆளு இருக்காங்க. அங்க போனாத்தான் பொழைக்கும்." தூளை விரலிலிருந்து தட்டினார். "போனா அவங்க சொத்து. அப்புறம், பெட்டிமேல என்ன இருக்கு, எப்படி ஆச்சுன்னு நான் எழுதணும். எழுதினா ஊருக்குத் தெரிஞ்சுடும்."

முற்றத்தில் இரும்புக் கதவு திறக்கும் சத்தம். மெஷின்காரன் சீக்கிரமே வந்துவிட்டான். தார்ப்பாயை உருவினான். காந்தம் உறுமத் தொடங்கியது. தக்கைச் சுவரையும் தாண்டி அந்த ஊஊஊ உள்ளே வந்தது. சோதனை ஒலி மாதிரியே.

நூபியா சிவப்புப் பெட்டியை மூடினாள். அதன்மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டினாள். பேனாவை எடுத்து வில்லாலோபோஸைப் பார்த்தாள்.

"எழுது," என்றார் அவர். "பெருசா எழுது. யாரும் சுரண்ட முடியாதபடி எழுது. பாடினது அமரான்தோ கஸியானி. பாட்டு, குடை. பேர் சொன்ன இடத்துல எம்பேரு."

எழுதினாள்.

"கீழே?"

"கீழே உன் பேரு. வேற யாரு பேரு?"

அதையும் எழுதினாள். அழித்தது, நூபியா எஸ்கோர்சியா. தேதி. அதற்குக் கீழே இன்னொரு வரி. திருடியது, யாருமில்லை. ஹெர்மான் பெட்டியை வாங்கி முதல் கட்டத்தில் வைத்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே."

வில்லாலோபோஸ் தொப்பியைத் தலையில் வைத்தார். ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கினார்.

"அதை இன்னிக்குக் கேக்காத," என்றார். "இன்னிக்கு நான் சந்தோஷமா இருக்கேன்." முன்வாசல் வழியாக வெயிலுக்குள் போனார்.

*

வாதாமரத்தடியில் அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. பறவை வரைந்த பலகையை அடுத்த வாரம் இறக்கினார்கள். ஊர் என்ன சொல்லுமோ அதைச் சொல்லிற்று. மீன் மார்க்கெட்டில் சிலர் அவளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் தவறாமல் சொன்னார், வலது காதைத் திருப்பிக்கொண்டு.

அமரான்தோ அவளைத் தேடி வருவது நின்றுவிட்டது. ரேடியோவை அணைத்தால் வெறும் அமைதிதான். செருமல் இல்லை.

வருவது அந்த இருபத்தேழு வயதுப் பெண்தான். நூபியா பாத்திரம் கழுவும்போது, தெருவில் நடக்கும்போது, யாரிடமாவது பேச வாயைத் திறக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தெளிவாக, சுறுசுறுப்பாக, எந்தப் பாவமும் அறியாத குரலில்:

"சத்தம் போடாதீங்க. நாலாவது டேக்."